விடைத்தாளும் ஓர் அமானிதம்!

(ஜும்ஆ உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்! அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நம் திருச்சி மாநகரிலும், காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்திலும் உள்ள பள்ளிகளில் நம் பிள்ளைகள் பயின்று வருகின்றனர். தேர்வு முடிந்ததும் சில பள்ளிகளில் திருத்திய விடைத்தாளை இல்லத்திற்குக் கொடுத்தனுப்புகின்றனர். வேறு சிலவற்றில் பிள்ளை அதை வகுப்பிலேயே சற்றுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெற்றோர் காண்பது மதிப்பெண் அட்டையில் உள்ள எண்ணை மட்டுமே. விடைத்தாளைப் பெற்றோருக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்று நம் மஹல்லாவாசிகள் சிலர் வினவினர். இது பள்ளி நிர்வாகம் சார்ந்த காரியம். ஹலால், ஹராம் என்று தீர்ப்புக் கூறும் மஸ்அலா அன்று. எனினும் இதனுள் நீதியும் அமானிதமும் பிள்ளை வளர்ப்பும் அடங்கியுள்ளன. எனவே மார்க்கத்தின் ஒளியில் சிந்திப்பது நம் கடமையாகும்.

ஏட்டைக் காட்டும் நீதி

மறுமையில் ஒவ்வொரு மனிதனுக்கும் அவனுடைய வினைச்சுவடி விரித்துக் காட்டப்படும் என்றும், அதை அவனே வாசிக்குமாறு கூறப்படும் என்றும் திருக்குர்ஆனின் 17-ஆவது அத்தியாயம் 13, 14 ஆகிய வசனங்கள் அறிவிக்கின்றன. அல்லாஹ் யாவற்றையும் நன்கறிந்தவன். ஏடும் எழுத்தும் அவனுக்குத் தேவையில்லை. அவன் தீர்ப்பளித்தால் ஏனென்று கேட்பார் எவருமில்லை. அத்தகைய இறைவனே அடியானின் ஏட்டை அவன் கரத்தில் கொடுத்து, அவனே பார்த்துக்கொள்ளும்படிச் செய்கிறான் என்றால், மனிதர் மனிதருக்கு இடும் மதிப்பெண்ணில் ஏட்டை மறைத்து எண்ணை மட்டும் காட்டுவது எவ்வாறு நிறைவான நீதியாகும்?

நம் நாட்டின் சட்டமும் இந்நீதியின் பக்கமே நிற்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் 2011 ஆகஸ்டு 9 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்திய விடைத்தாள் என்பது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவலே. அதைப் பார்வையிடவும் நகல் பெறவும் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டு என்று அத்தீர்ப்பு கூறிற்று. அதே வேளையில், திருத்தியவர் யார் என்பது வெளிப்படக் கூடாது என்றும் வரையறுத்தது. நம் மாநிலத்திலும் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதியோர் கட்டணம் செலுத்தி விடைத்தாள் நகலைப் பெறும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமோ, பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக்கியுள்ளது. பொதுத்தேர்வுக்கே விடைத்தாளைக் காணலாம் எனும்போது, வகுப்புத் தேர்வுக்கு அது கூடாது என்பதற்கு வலுவான காரணம் இல்லை.

பிழையைக் காட்டுவது எதற்காக?

ஒருவர் மஸ்ஜிதுக்கு வந்து அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஸலாம் கூறினார். அண்ணலார் பதில் ஸலாம் கூறி, திரும்பச் சென்று தொழுமாறும், அவர் தொழவே இல்லை என்றும் சொன்னார்கள். இவ்வாறு மும்முறை நிகழ்ந்தது. பின்னர் அவர் தமக்கு இதைவிடச் சிறப்பாகத் தெரியாது, கற்றுத்தாருங்கள் என வேண்டினார். அண்ணலார் தக்பீர் முதல் ருகூஉ, ஸுஜூது வரை ஒவ்வொன்றையும் நிதானமாக நிறைவேற்றும் முறையைக் கற்பித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது.

சிந்தித்துப் பாருங்கள்! அவர் தவறியபோது ஸலாமுக்குரிய பதில் நின்றுவிடவில்லை, கண்ணியம் குறையவில்லை. தேறவில்லை என்று கூறியதோடு காரியம் முடிந்துவிடவும் இல்லை. எங்கே தவறினார், எவ்வாறு திருத்துவது என்பது வரை சென்றது. முப்பத்தைந்து என்ற எண் பெற்றோருக்கு எதைக் கற்பிக்கும்? விடைத்தாளோ, பிள்ளைக்குக் கணக்கு புரியவில்லையா, வினாவைச் சரியாக வாசிக்கவில்லையா, நேரம் போதவில்லையா, கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமல் தவறாக எழுதிக்கொண்டதா என்பதை எல்லாம் சொல்லிவிடும்.

ஆசிரியர்களின் கவலை

அன்பிற்கினிய சகோதரர்களே! ஆசிரியர் தரப்பையும் நாம் செவிமடுக்க வேண்டும். கொடுத்தனுப்பிய தாள்கள் திரும்பி வருவதில்லை. அரை மதிப்பெண்ணுக்காகப் பெற்றோர் சண்டைக்கு வருகின்றனர். மதிப்பெண் குறைந்த பிள்ளை வீட்டில் அடிபடுகிறது என்கின்றனர். இவை பொய்யல்ல. முதல் இரண்டும் நம்மால் எளிதில் களையக்கூடியவை. கையொப்பமிட்டு மறுநாளே தாளைத் திருப்பி அனுப்புவோம். கூட்டலில் பிழை இருந்தால் பணிவுடன் சுட்டிக் காட்டுவோம். கற்பிப்பவரைப் பிள்ளையின் முன்னிலையில் இழித்துரைப்பவர், அப்பிள்ளையின் கல்வியையே இழித்துவிடுகிறார்.

மூன்றாவது கவலையே மிகப் பெரியது. அடிக்கு அஞ்சும் பிள்ளை தாளை மறைக்கிறது. தந்தையின் கையொப்பத்தைத் தானே இடுகிறது. அந்தப் பொய்யைக் கற்றுக்கொடுத்தது யார்? தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் இளம் உயிர்கள் மாய்ந்துபோன செய்திகளை நாம் ஆண்டுதோறும் வாசித்துக் கலங்குகிறோம். முதலிடம் பெற்றோரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. அரசு கைவிட்ட தரப்பட்டியலை நம் வீட்டுக் கூடத்தில் நாம் வாசிக்கலாமா? அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தது முதல் பத்தாண்டுகள் பணிவிடை செய்தும், நபி (ஸல்) அவர்கள் தம்மைச் சீ என்றுகூடச் சொன்னதில்லை எனச் சான்று பகர்ந்துள்ளார்கள். பிள்ளைகளிடையே நீதியுடன் நடக்குமாறு நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்கு அண்ணலார் அறிவுறுத்தினார்கள். எனவே அண்ணனின் தாளைத் தம்பியின் தாளோடு ஒப்பிடாதீர்கள். பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. அவ்வாறிருக்க, பெற்ற பிள்ளையின் தாளை உறவினரிடம் காட்டுவதும், வாட்ஸ்அப் குழுவில் பரப்புவதும் எவ்வளவு பெரிய துரோகம்! விடைத்தாள் அமானிதம், அதிலுள்ள குறையும் அமானிதமே.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, திருத்திய விடைத்தாள்கள் பெற்றோரின் பார்வைக்கு வரவேண்டும் என்பதே நம் கருத்து. பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் இதை நயமாகக் கேளுங்கள். இல்லத்திற்கு அனுப்ப இயலாதெனில், கூட்ட நாளிலேனும் காட்டுமாறு கோருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய தாளை வாசிக்க இயலாத தாய்மார்கள் நம் மஹல்லாவில் உண்டு. தந்தையோ வளைகுடா நாட்டில் உழைத்துக்கொண்டிருப்பார். 1951-இல் நிறுவப்பட்ட நம் ஜமால் முஹம்மது கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றோர் இந்நகரெங்கும் உள்ளனர். தேர்வுத் தாள்கள் வரும் வாரங்களில் மஃரிபுக்குப் பின் இருவர் மூவர் மதரஸா அறையில் அமர்ந்து, வரும் பிள்ளைகளின் தாளைப் பார்த்துப் பிழைகளை விளக்கினால் அது ஸதக்கா அல்லவா? முன்வருவோர் தொழுகைக்குப் பின் நிர்வாகிகளிடம் பெயர் கொடுங்கள். இல்லம் திரும்பியதும் இச்செய்தியை உங்கள் துணைவியரிடமும் எடுத்துரையுங்கள். இன்றிரவு பிள்ளையை அருகே அழைத்து, மதிப்பெண் எவ்வளவு என்று வினவாமல், எது கடினமாக இருந்தது என்று வினவுங்கள்.

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். உங்கள் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற நபிமொழியின் பொருளை நினைவிற்கொள்வோம். அன்று நம் ஏடு திறக்கப்படும்போது, பிள்ளைகளிடம் நாம் காட்டிய பரிவும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். அவ்வேட்டை வலக்கரத்தில் பெற்று மகிழும் நல்லோர் கூட்டத்தில் நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல ரஹ்மான் சேர்த்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!