சான்றிதழுக்கு நோய் பத்தாது, வேலைக்கு நோய் ஜாஸ்தி

(மாவட்ட ஐடி விங் கூட்டத்தில் நம் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அஞ்சு நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

என்னோட காலேஜ்ல படிச்ச ஒரு நண்பன். கோடிங்ல எங்க எல்லாரையும் விட கெட்டி. மூணாவது வருஷம் பைபோலார்னு டாக்டர் சொன்னாரு. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டான், அரியர் இல்லாம முடிச்சான். ஒரு கம்பெனியில எல்லா ரவுண்டும் பாஸ். மெடிக்கல் ஃபார்ம்ல 'தொடர்ந்து மருந்து எடுக்கிறீர்களா'ன்னு கேட்ட இடத்துல உண்மையை எழுதினான். அதுக்கப்புறம் ஹெச்ஆர் போனையே எடுக்கல.

சரி, அரசு வேலைக்குப் போகலாம்னு பார்த்தோம். 1995 சட்டத்துல மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு. பார்வை, செவித்திறன், கை கால் குறைபாடு, அவ்வளவுதான். மனநோயையும் குறைபாடுன்னு பட்டியல்ல வச்சிருந்த அதே சட்டம், வேலைன்னு வந்தப்ப விட்டுடுச்சு. 2016 சட்டம்தான் அதை 4 சதவீதமாக்கி மனநோயையும் சேர்த்தது. ஆனா அந்த நாலாவது 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு எல்லாத்துக்கும் பொது.

அதுக்குள்ள நுழைய 40 சதவீத பாதிப்புன்னு சான்றிதழ் வேணும். மனநோயை எக்ஸ்ரேல பார்க்க முடியாது. தன்னைத்தானே பார்த்துக்கிறாங்களா, மத்தவங்களோட பழகுறாங்களா, பேசுறது புரியுதா, வேலை செய்றாங்களான்னு நாலு விஷயத்தைப் பார்த்து, எவ்வளவு காலமா நோய் இருக்குன்னும் சேர்த்து மார்க் போடுவாங்க. இவன் மருந்து சாப்பிட்டு நல்லா இருக்கான். 40 வரல.

கம்பெனிக்கு அவன் நோயாளி. அரசாங்கத்துக்கு அவன் நோய் பத்தல. ரெண்டு இஃப் கண்டிஷனுக்கும் நடுவுல விழுந்துட்டான்.

அளவுகோல் தப்புன்னு நான் சொல்லல. அதிகம் பாதிக்கப்பட்டவங்களுக்குத்தான் ஒதுக்கீடு முதல்ல போகணும். ஓட்டை தனியார் பக்கம் இருக்கு. வேலையில பாகுபாடு காட்டக் கூடாதுங்குற 20-ஆவது பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். தனியாருக்கு 35-ஆவது பிரிவு: ஊழியர்கள்ல 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகள் இருக்க ஊக்கத்தொகை தரணும், அதுவும் அரசோட 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு'. முதலாளி கட்டவேண்டிய பிஎஃப், இஎஸ்ஐ பங்கை மூணு வருஷம் மத்திய அரசே கட்டுற திட்டம் 2008-லயே வந்துச்சு. இங்க எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம்.

நம்ம கையில ஒண்ணு இருக்கு. 21-ஆவது பிரிவுப்படி எல்லா நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிடணும். முடிஞ்சா வெப்சைட்ல, இல்லன்னா ஆபீஸ்ல எல்லாரும் பார்க்குற இடத்துல. திங்கட்கிழமை உங்க கம்பெனியில அது எங்க இருக்குன்னு கேளுங்க. இல்லன்னா எங்ககிட்ட சொல்லுங்க, மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு எழுதிக் கொடுக்குறோம்.

தேர்தல் அறிக்கைக் குழுவுக்கும் ரெண்டு கோரிக்கை கொடுத்திருக்கேன். 20-ஆவது பிரிவு தனியாருக்கும் வரணும். ஆஃபர் லெட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி மருந்து பத்தி கேட்கக் கூடாது. அண்ணன், நீங்க மேடையில இருக்கும்போதே சொல்றேன், மறந்துடாதீங்க.

நம்ம மாவட்ட வெப்சைட்டைப் பண்ணிக் கொடுத்தது அந்த நண்பன்தான். பேர் போட வேண்டாம்னுட்டான்.