கால் எடுத்ததும் கியர் என்ன செய்கிறது?



ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவர்களுக்கு இன்று ஒரு தகவல். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை மிதிக்கிறீர்கள். வேகம் குறையக் குறைய கியர்பெட்டி ஐந்து, நான்கு, மூன்று என்று தானாகவே இறங்கி வரும். கடைசியில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு வரும்போது சில வண்டிகளில் லேசான உதறல் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம். பலமாக உதறினால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இப்போதைய கார்களில், கியரில் ஓடும்போது காலை எடுத்தால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். அந்த நேரம் சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுழற்றுகின்றன. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் தள்ளுகிறார்களே, அங்கேதான் இன்ஜின் சும்மா ஓடப் பெட்ரோல் குடிக்கிறது!

மலையிறக்கத்தில்தான் சிக்கல். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 'டி'யிலேயே விட்டுக் காலை எடுத்தால், இன்ஜினுக்குச் சுமையில்லை என்று பல கார்கள் மேல் கியருக்குப் போய்விடும். மேல் கியரில் இன்ஜின் வண்டியை அவ்வளவாகப் பிடிக்காது; பிறகு பாரமெல்லாம் பிரேக்கின் தலையில். சூடேறி, கருகல் வாடை அடித்து, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். சரிவை உணர்ந்து தாழ்ந்த கியரைப் பிடித்துக்கொள்ளும் கார்களும் இருக்கின்றன, எல்லாமே அப்படியல்ல.

ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே 'எல்' அல்லது '2'க்கு மாற்றுங்கள். 'எம்' இருந்தால் மைனஸ் பக்கம் தட்டுங்கள். வேகம் அதிகமென்றால் கியர்பெட்டி மறுத்துவிடும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிட்டுத் தட்டுங்கள்.