பாரமா? என் அக்காவைக் கேளுங்க!

நடுவர் அவர்களே! கல்லூரிப் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறது பாரம்னு எதிரணி அம்மா அடிச்சுப் பேசிட்டுப் போனாங்க.

நான் ஆம்பூர்க்காரி. அந்தக் காலத்தில் 11-ஆம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சா, பி.யூ.சி.க்குக் கல்லூரிக்குத்தான் போகணும். பெண்கள் கல்லூரின்னா வேலூர்ப் பக்கம், காட்பாடி ஆக்சிலியம் மாதிரி. சுமார் 50 கிலோமீட்டர். தோல் ஷாப்பில் வேலை பார்த்த அப்பா, "வயசுப் பொண்ணை அவ்வளவு தூரம் பஸ்ஸிலா?"ன்னார். முடிஞ்சது அக்கா படிப்பு.

1978-ல் பிளஸ் டூ வந்தது. கல்லூரியில் இருந்த பாடம் எங்க ஊர்ப் பள்ளிக்கே வந்தது. (கைதட்டல்) நான் படிச்சேன். கஷ்டம்தான், இல்லேங்கலை; கணக்குக்காக அழுதிருக்கேன்.

ராத்திரி நான் தூங்கினப்புறம் என் இயற்பியல் புத்தகத்தை எடுத்து அக்கா படிப்பா. அவகிட்டப் போய்ச் சொல்லுங்க, பாரம்னு!