கோழியும் சோறும் மட்டும் போதாது

எங்கள் மணி குட்டியாக இருந்தபோது தினமும் கோழிக்கறியும் சோறும்தான் போட்டோம். ஆசையாகச் சாப்பிட்டான். நான்காம் மாதம் முன்னங்கால் வளைந்தது. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதனால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் என்றார் கால்நடை மருத்துவர்.

இப்போது கறி, சோறு, வேகவைத்த பூசணி, அவ்வப்போது கொஞ்சம் ஈரல். கூடவே, கழுவிக் காயவைத்து நைசாக அரைத்த முட்டை ஓட்டுப் பொடி. ஒரு டீஸ்பூனில் சுமார் 2 கிராம் கால்சியம். உங்கள் நாய்க்கு எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வெங்காயம், பூண்டு, திராட்சை அறவே கூடாது. வெந்த எலும்பும் வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கீழே இருக்கும் நாய்களுக்கு மீந்த குழம்புச் சோறு வைப்பவர்களும் யோசியுங்கள், அதில் வெங்காயம் இருக்கும்.

மணி இன்று ஓடுகிறான், லேசாக நொண்டியபடி.