புல்லை ஒட்ட வெட்டினால்தான் துப்புரவா?

துப்புரவான இடம் என்றதும் நம்மவர் மனத்தில் உடனே ஒரு காட்சி தோன்றும். புல் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். வேலியோரத்தில் ஒரு செடிகூடத் தலைநீட்டாது. சருகு ஒன்றும் கிடக்காது. கோயில் திடலோ, தமிழ்ப்பள்ளித் திடலோ, இப்படி இருந்தால்தான் "நல்லா வச்சிருக்காங்க" என்ற பாராட்டு கிடைக்கும்.

இந்தப் பழக்கம் இப்போது புதிய இடம் ஒன்றுக்கும் வந்திருக்கிறது. அதுதான் கேரவன் தளம். 2020, 2021ஆம் ஆண்டுகளின் நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்ததும், மலேசியக் குடும்பங்களுக்குக் கூடாரத்திலும் கேரவன் வண்டியிலும் தங்கிப் பார்க்கும் ஆசை பெருகியது. கடற்கரை, ஆற்றோரம், பழத்தோட்டம் எங்கும் முகாம் தளங்கள் முளைத்தன. 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங்காலி முகாம் தளத்தில் நிலம் சரிந்து 31 பேர் மாண்ட பிறகு, இதை விளையாட்டாக நடத்தக் கூடாது என்பது எல்லாருக்கும் உறைத்தது. உரிமம், பாதுகாப்பு, துப்புரவு பற்றிய பேச்சு எழுந்தது. நல்லதுதான். ஆனால் துப்புரவு என்றால் புல்வெட்டு, புல்வெட்டு என்றால் மருந்து என்று சிலர் எடுத்துக்கொண்டால், அங்கேதான் சிக்கல்.

கெப்பாலா பத்தாசையே எடுத்துக்கொள்வோம். வயல் ஓரத்தில் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நீர்க்கால்வாய், மறுபக்கம் நாலைந்து தென்னை, நடுவே மணற்பாங்கான மேடு. பத்துக் கேரவன் வண்டிகள் நிற்க இடம் தாராளம். வேலையைத் தொடங்கும் அன்று அவர் முதலில் யாரைக் கூப்பிடுவார்? புல் வெட்டும் குத்தகைக்காரரை. "எல்லாத்தையும் வழிச்சிடுங்க" என்பார். ஒரே நாளில் நிலம் பளிச்சென்று ஆகிவிடும்.

வழித்துத் தள்ளிய அந்த நிலத்தில் யார் குடியிருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. வயல்வெளியில் ஆள் நடமாடினால் கத்தி ஊரைக் கூட்டுமே ஆள்காட்டிக் குருவி, அது கூடே கட்டாது. வெறுந்தரையிலோ கூழாங்கல்லுக்கு நடுவிலோ பெரும்பாலும் நான்கு முட்டை இடும். முட்டையும் கல்லின் நிறத்திலேயே இருக்கும். வண்டிச் சக்கரத்துக்கு அது எப்படித் தெரியும்? கால்வாய் ஓரத்துப் புதர், வெண்மார்புக் கானாங்கோழியின் வீடு. மலாய்க்காரர்கள் ருவாக்-ருவாக் என்பார்களே, அதுதான். உயர்ந்த புல்லின் விதை இல்லாமல் சில்லைக் குருவிக்கு இரை இல்லை.

பஞ்சுருட்டானின் கதை இன்னும் வேடிக்கையானது. பச்சையும் நீலமுமாகப் பறந்துகொண்டே தேனீயையும் தும்பியையும் பிடிக்கும் இந்தப் பறவையை மலாயில் பெரெக்-பெரெக் என்பர். மரத்தில் இது கூடு கட்டுவதில்லை. மணல் நிலத்தில் ஒரு மீட்டருக்கும் மேலான சுரங்கம் தோண்டி, அதன் கடைசியில் முட்டையிடும். கெப்பாலா பத்தாசுக்கு அருகே உள்ள பெனாகா வட்டாரத்து மணல் நிலங்களில் இவை கூட்டமாகக் குடியேறுவதைப் பார்க்கப் பறவை ஆர்வலர்கள் கேமராவோடு வருவதுண்டு. இந்தப் பறவைக்கு உயர்ந்த புல் ஆகாது. திறந்த, குட்டைப் புல் நிலம்தான் வேண்டும். அதாவது, புல்லை வெட்டாமல் விடுவதுதான் இயற்கைக்கு நல்லது என்று ஒரே அடியாகச் சொல்லிவிடவும் முடியாது. கானாங்கோழிக்குப் புதர், பஞ்சுருட்டானுக்குப் பொட்டல். ஒரே நிலத்தில் இரண்டும் வேண்டும்.

சரி, ஒட்ட வழித்த தரைதான் சுத்தம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு தோட்டத்திலிருந்து வந்தது என்றால் தவறாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டத் துரைமார்கள் மரத்தடியில் ஒரு புல்லும் இருக்கக் கூடாது என்றார்கள். நம் முன்னோர்கள் குனிந்த முதுகோடு மண்வெட்டியால் அதைச் செதுக்கினார்கள். பிறகு என்ன ஆனது? மழை வந்தது, மலைச்சரிவின் மேல்மண் ஆற்றோடு போனது. பார்த்த துரைமார்களே மனம் மாறி, மண்ணை மூடிக் காக்கும் அவரைக் குடும்பக் கொடிகளை மரங்களுக்கிடையே நடச் சொன்னார்கள். அந்தப் பாடம் தோட்ட ஆவணங்களில் தங்கிவிட்டது. வழித்த தரைதான் அழகு என்ற பழக்கமோ நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது.

அப்புறம் வந்தது புல்லு மருந்து. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை முதுகில் சுமந்து தெளித்தவர்களில் பலர் நம் தோட்டத்துப் பெண்கள். கண் எரிச்சல், தோல் வெடிப்பு, மூக்கில் இரத்தம். 2002இல் தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையகமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பான பான் ஆசிய பசிபிக்கும் சேர்ந்து இந்தத் தொழிலாளர்களின் நிலையை ஓர் ஆய்வாக வெளியிட்டன. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் தொடர்ந்து குரல் கொடுத்தது. அதே 2002இல் மருந்துக்குத் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அத்தனை பேரின் உடம்பைக் கெடுத்த பழக்கம், வேறொரு களைக்கொல்லிப் போத்தலோடு விடுமுறைத் தளத்துக்குள் நுழையலாமா? குழந்தைகள் செருப்பில்லாமல் ஓடுகிற புல் அது.

தளம் நடத்துபவரின் பயமும் பொய்யல்ல. வாடிக்கையாளர் பாம்பு என்று அலறினால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கலாம். டிங்கி என்றால் அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் இந்த மூன்று பயத்துக்கும் புல் எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஏடிஸ் கொசு புதரின் நிழலில் ஓய்வெடுக்கும். அது உண்மை. ஆனால் முட்டையிட அதற்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும். பழைய டயர், கவிழ்க்காத வாளி, கேரவன் கூரைத் துணியின் மடிப்பு, கூரைத் தண்ணீர்க் காலில் அடைத்த இலை, இவை போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். வாரம் ஒரு முறை தளத்தைச் சுற்றி வந்து தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஏக்கர் கணக்கில் புல்லை வழித்துவிட்டு ஒரு டயரை மறந்தால் டிங்கி அங்கேயேதான் இருக்கும். புகை அடிப்பதோ, கொசுவைத் தின்னும் தும்பியையும் சேர்த்துக் கொல்லும்.

பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி சோற்றைத் தேடி வருகிறது. மூடியில்லாத குப்பைத் தொட்டி, பார்பிகியூ அடுப்படியில் சிந்திய கோழி எலும்பு, கழிப்பறைக்குப் பின்னால் குவித்த பலகையும் ஓட்டுத் துண்டும், இந்த மூன்றும் இருந்தால் புல் ஒட்ட வெட்டிய தளத்துக்கும் நாகம் வரும். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் அதே குப்பையிலிருந்துதான் தொடங்குகிறது. குப்பையை அன்றைக்கே அகற்றுவதில் தளக்காரர் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. இயற்கைத் தளம் என்று பலகை மாட்டிவிட்டுக் குப்பையை அள்ளாமல் விடுவோர், இயற்கையை நேசிப்போருக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

எலிக்கு நல்ல எதிரி கூகை. அதைக் கண்டால் அபசகுனம் என்று கல்லெறியும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் நாட்டின் செம்பனைத் தோட்டங்களிலும் வயல்களிலும் கம்பத்தின்மேல் பெட்டி வைத்து அதைக் குடியேற்றி வருகிறார்கள். குஞ்சுகளோடு இருக்கும் ஒரு ஜோடி, ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு நிபந்தனை: எலிப் பாஷாணம் வைக்கக் கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்று கூகையும் செத்துப்போகும்.

இங்கிலாந்தில் இது பழைய விவாதம். தாவரவியலாளர் டேவிட் பெல்லமியின் பெயரால் அங்குள்ள கேரவன், விடுமுறைத் தளங்களுக்கு இயற்கைப் பாதுகாப்பு விருது பல ஆண்டுகள் வழங்கப்பட்டது. பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு, மே மாதம் முழுதும் புல் வெட்டாதீர்கள் என்ற இயக்கத்தை 2019இல் தொடங்கியது. கேட்க இனிமைதான். ஆனால் அதை அப்படியே கெப்பாலா பத்தாசுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே குளிர்காலத்தில் புல் தூங்கும். இங்கே பன்னிரண்டு மாதமும் வளரும். விட்டுவிட்டால் பூந்தோட்டம் வராது, லாலாங் வரும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் அது காய்ந்து நிற்கும்போது ஒரு சிகரெட் துண்டு போதும். கேஸ் தோம்பு வைத்திருக்கும் பத்து வண்டிகளுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு காட்டை யாரும் வளர்க்கக் கூடாது.

அப்படியானால் வழி என்ன? அமெரிக்க நிலவடிவமைப்புப் பேராசிரியர் ஜோன் நாசாவர் 1995இல் எழுதிய கட்டுரையில் எளிமையான ஒரு கருத்து இருக்கிறது. உயர்ந்த புல்லைக் கண்டு மக்கள் வெறுப்பதில்லை, இந்த இடத்தைக் கவனிக்க ஆளில்லை என்ற எண்ணத்தைத்தான் வெறுக்கிறார்கள் என்பது அதன் சாரம். காட்டுச் செடிகளைச் சுற்றி நேர்த்தியான ஓரம் வெட்டி, ஒரு வேலியோ பலகையோ வைத்துவிட்டால், அதே செடிகள் வேண்டுமென்றே வளர்த்தவை என்று கண்ணுக்குப் புரிந்துவிடும்.

நம் இரண்டு ஏக்கர்காரருக்கு இது நன்றாகவே பொருந்தும். வண்டி நிற்கும் இடம், நடைபாதை, குழந்தைகள் விளையாடும் இடம், கழிப்பறையைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டர், இங்கெல்லாம் புல் எப்போதும் குட்டையாக இருக்கட்டும். பாம்புக்குப் பயந்தவருக்கும் அது போதும். கால்வாய் ஓரத்தையும் பின்வேலியையும் மூன்று துண்டாகப் பிரித்து, ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு துண்டு என்று மாறி மாறி வெட்டலாம். எப்போதும் இரண்டு துண்டு நின்றுகொண்டிருக்கும், லாலாங்கும் தலையெடுக்காது. வெட்டும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு போனால், உள்ளே இருக்கும் உயிர்கள் ஓடிப் பிழைக்கும். மணல் மேட்டில் பஞ்சுருட்டான் துளை தென்பட்டால், குஞ்சு பறக்கும்வரை கயிறு கட்டி அந்த இடத்துக்கு வண்டி விடாமல் இருக்க வேண்டும். ஒரு நிறுத்துமிடத்தின் வாடகை போகும். பறவை பார்க்க வருபவர்களிடம் அது திரும்பி வரவும் கூடும்.

பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் கால்வாயில் விழக் கூடாது, அது நேரே வயலுக்குப் போகும். விளக்குகள் தரையைப் பார்த்து எரியட்டும். தெற்கே நிபோங் தெபாலில் கிரியான் ஆற்று மின்மினிகளைப் பார்த்தவர்களுக்கு, இருட்டுக்கும் விலை உண்டு என்பது தெரியும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஆனால் புல் வெட்டுபவரிடம் வாயால் சொன்னால் நடக்காது. அவருக்கு இத்தனை சுற்று, இவ்வளவு கூலி என்பதுதான் கணக்கு. சீக்கிரம் முடித்தால்தான் அடுத்த இடத்துக்குப் போகலாம். ஆகவே அவருடைய குத்தகைத் தாளிலேயே எழுத வேண்டும்: எந்தத் துண்டு எந்த மாதம், எத்தனை அங்குல உயரம், மருந்து தெளிக்கக் கூடாது, கயிறு கட்டிய இடத்துக்குள் இயந்திரம் போகக் கூடாது. வெட்டாமல் விட்ட துண்டுக்கும் அவருடைய கூலியில் கைவைக்காமல் இருந்தால், அடுத்த முறை ஆள்காட்டியின் முட்டையை முதலில் பார்த்துச் சொல்லப்போவது அவராகத்தான் இருக்கும்.