நிழலில் ஊரும் புள்ளிகள்

பிற மாநிலங்களில் வாழ்ந்தாலும் நம்மவர் பலர் இல்லங்களில் நவராத்திரிக் கொலுவை விடுவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில், என் அன்னையார் கொலுவின் முன் அமர்ந்து தம் பாட்டியிடம் கற்ற பாட்டொன்றைப் பாடினார். குத்துவிளக்கின் ஒளி மட்டும் போதும் என்பது அவர் விருப்பம். நான் முதலில் ஒரு புகைப்படம் எடுத்தேன்; பிறகு அதே காமிராவினால் பாட்டு முழுவதையும் வீடியோவாகப் பதிவு செய்தேன். புகைப்படத்தில் அவர் முகத்தின் நிழற்பகுதியும் புடவையின் மடிப்பும் துலக்கமாக இருந்தன. வீடியோவிலோ, எறும்புப் புற்றைக் கலைத்தாற்போல் அந்த நிழல்களில் செந்நிறமும் நீலமுமான புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. காமிரா ஒன்று, லென்ஸ் ஒன்று, விளக்கும் ஒன்று. விளைவு மட்டும் ஏன் இரண்டு?

இப்புள்ளிகளைத் துறையினர் 'நாய்ஸ்' என்பர். தமிழில் 'இரைச்சல்' என்று எழுதுகிறோம். ஓசையே இல்லாத படத்தில் இரைச்சல் ஏது என்று, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் முதலில் முகம் சுளித்தேன். ஆனால் பழைய வானொலிப் பெட்டியில், இரு நிலையங்களுக்கு இடையே முள் நிற்கும்போது எழும் 'உஸ்' என்ற ஒலியை நேயர்கள் அறிவீர்கள். ஒலிபரப்பு மெலியும் இடத்தில் இரைச்சல் மேலோங்குகிறது. படத்தில் ஒளி மெலியும் இடம் நிழல். சொல் பொருத்தமானதே.

ஒளி துகள் துகளாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து விழுகிறது. முற்றத்தில் கிண்ணங்களை வரிசையாக வைத்து, தூறல் தொடங்கிய சில நொடிகளில் எடுத்துவிட்டால், ஒன்றில் மூன்று துளி இருக்கும், அடுத்ததில் ஏழு துளி இருக்கும். நெடுநேரம் மழையில் விட்டால் எல்லாம் ஏறக்குறையச் சமமாக நிரம்பும். காமிராவின் ஒளியுணரியில் உள்ள நுண்ணறைகளும் அத்தகைய கிண்ணங்களே. ஓர் அறையில் சராசரியாக 100 துகள்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு சுமார் 10, அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100, நூற்றுக்கு ஒன்றே.

புகைப்படத்திற்குக் காமிராவை முக்காலியில் நிறுத்திக் கால் விநாடி ஒளி வாங்கினேன். விநாடிக்கு 25 படங்கள் எடுக்கும் வீடியோவில், ஒரு படத்திற்கு விநாடியில் 25-இல் ஒரு பங்குக்கு மேல் காலமே கிடையாது. அசைவு இயல்பாகத் தோன்ற 50-இல் ஒரு பங்கே வழக்கம். ஆகவே ஏறக்குறையப் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒளிதான் கிடைத்தது. குறையை ஈடுசெய்யக் காமிரா பெருக்கத்தைக் கூட்டும்போது இரைச்சலும் உடன் பெருகுகிறது. அன்றியும், படத்துக்குப் படம் புள்ளிகள் இடம் மாறுவதால் அவை ஊர்வன போல் கண்ணுக்குத் தெரிகின்றன.

இன்னொன்றும் உண்டு. இரண்டு கோடி அறைகளில் பதிந்த புகைப்படத்தை, முழு எச்.டி. வீடியோவின் சுமார் 20 லட்சம் புள்ளிகளுக்குச் சுருக்கினால், பத்து அறைகளின் அளவுகள் ஒன்றாகச் சராசரியாகி இரைச்சல் தணியும். 2008-ஆம் ஆண்டு முதல் வீடியோ வசதியுடன் வந்த தொடக்ககால எஸ்.எல்.ஆர். காமிராக்கள் பலவோ, விரைவு கருதி வரிசைகளை விட்டுவிட்டுப் படித்தன. விழுந்த ஒளியில் பெரும்பகுதி வீண். என்னுடையதும் அவ்வினத்தைச் சேர்ந்த பழைய கருவிதான்.

இரைச்சலைத் துடைக்க மென்பொருள் உண்டு. துடைத்துப் பார்த்தேன், முகச் சுருக்கங்களும் சேர்ந்து மறைய, அன்னையார் கொலுப் பொம்மைகளுள் ஒன்றாகிவிட்டார்!

சென்ற ஆண்டு மேசைவிளக்கொன்றை வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தேன். ஒளி சுவரில் பட்டு மென்மையாக அவர் முகத்தில் விழுந்தது. லென்சின் துளையை முழுவதும் திறந்தேன். எஞ்சிய நிழலைப் பின்னர் வெளுக்க முயலாமல் கருமையாகவே விட்டேன். பதிவு துலக்கமாக வந்தது. ஆனால் மூன்றாவது சரணம் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அது பழைய பதிவில், அந்தப் புள்ளிகளுக்கிடையே மட்டும் இருக்கிறது.