தோள் எல்லோருக்கும் பொது

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சிங்கப்பூரில் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



கத்தோலிக்கத் தமிழரின் திருநாட்களைப் பற்றியும் கோவில் வாழ்வைப் பற்றியும் நான்கு வார்த்தை பேசும்படி நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் குருவானவர் அல்ல. பாலை நிறுத்துக் கணக்கெழுதியவன். பிரசங்கம் செய்ய எனக்குத் தகுதியில்லை. கண்டதைச் சொல்கிறேன். இந்து, முஸ்லிம் சகோதரர்களும் இங்கே இருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது உங்கள் திருவிழாக்களுக்கும் பொருந்துமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் எங்களுக்கு நாட்காட்டி இரண்டு. ஒன்று மரத்தினுடையது, மற்றொன்று கோவிலுடையது. பிப்ரவரி, மார்ச்சில் கித்தா மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், பால் குறைந்தால் கையில் வரும் காசும் குறையும். அதே நாட்களில்தான் தபசுக்காலம் வரும். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி, "நீ மண்ணாயிருக்கிறாய்" என்று நினைவூட்டுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை. எங்கள் தாய்மார் வேடிக்கையாகச் சொல்வார்கள்: "சாமியார் சொல்லுமுன்னே கங்காணி நம்மை ஒருசந்தி இருக்க வைத்துவிட்டார்!"

மே மாதம் மாதா வணக்கம், ஜூன் 13 அந்தோனியார், அக்டோபரில் செபமாலை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வருஷக் கடைசி மழையில் வெட்டு நாட்கள் பாழாகும்போது, வைக்கோல் கூரையிட்ட குடிலில் பாலன் பிறப்பார். குருவானவர் எப்போதாவது ஒரு முறைதான் வருவார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் செபம் சொல்லுவார். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள், முந்தின இரவு ஒரு விளக்கைச் சுற்றி முழங்காலில் நிற்பார்கள். அந்தக் காலத்தில் பூசை லத்தீன் மொழியில். செபமும் பாட்டும் மட்டுமே தமிழில். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழி திறந்த பிறகுதான் பூசையே தாய்மொழிக்கு வந்தது.

இவ்வளவும் இனிய நினைவுகள். கசப்பையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் பொய்யனாவேன்.

எங்கள் தோட்டத்துத் திருநாளில் சொரூபத்தை மரக்கூட்டில் வைத்து, லயங்களைச் சுற்றித் தோளில் தூக்கி வருவது வழக்கம். தூக்கும் உரிமை சில வீட்டாருக்கு மட்டும். மற்றவர்கள் பின்னால் மெழுகுதிரி பிடித்து நடக்கலாம். என் தகப்பனார் பந்தல் போடுவார், குழி தோண்டுவார், சோறு வடிப்பார். கூட்டைத் தொட்டதில்லை. "ஏனப்பா?" என்று கேட்டேன். "நமக்கு முறையில்லை" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

ஒரு வருஷம் புதிதாக வந்த குருவானவர், பழைய கிராணியைக் கூப்பிட்டு லயத்து வரிசைப்படி பெயர் எழுதச் சொன்னார். முதல் லயம் முதல் வீட்டில் ஆரம்பித்து, வீட்டுக்கு ஓர் ஆள். பெரட்டுப் புத்தகம் போல ஒரு பட்டியல்! கோவில் கதவில் ஒட்டினார்கள். பழைய உரிமைக்காரர் சிலர் அந்த வருஷம் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கூடு நிற்கவில்லை. எங்கள் லயத்தின் முறை வந்தபோது என் தகப்பனார் துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டின் அடியில் போய் நின்றார். மறு வருஷம் வீட்டிலிருந்தவர்களும் வந்தார்கள். தங்கள் முறை வரும்வரை வரிசையில் காத்திருந்தார்கள்.

தோழர்களே, இந்த நோய் தோட்டத்தில் முளைத்ததல்ல. கப்பலில் நம்மோடு வந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர் உண்டு. அங்கே 1872-ல் கட்டிய கோவிலில் பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் மண்டபம் இரண்டு. ஒரே பூசையைக் காண வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். நடுவே தடுப்புச் சுவர்! 1910-ல் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். மறுபடி எழுப்ப வேண்டுமென்று சிலர் வழக்காடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் சுவர் எழும்பவில்லை. செங்கல் சுவர் போய்விட்டது. மனத்துச் சுவர் அவ்வளவு எளிதில் போகுமா?

இனி இந்த நகரத்துக்கு வருவோம். சிராங்கூன் சாலைப் பக்கமிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டி நடந்தால், ஓஃபிர் சாலையில் ஊசிக் கோபுரத்தோடு லூர்து மாதா கோவில் நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று எழுந்த கோவில் அது. முன்பு அவர்கள் நல்லாயன் கோவிலிலும், 1870 முதல் சீனச் சகோதரர்களோடு குவீன் தெருவில் இராயப்பர் சின்னப்பர் கோவிலிலும் செபித்து வந்தார்கள். தமிழ் பேசத் தெரிந்த மெனுவ்ரியே என்ற பிரெஞ்சுக் குருவானவர் முயற்சியெடுத்தார். 1886-ல் அடிக்கல் நாட்டி, 1888-ல் கோவிலைத் திறந்தார்கள். 1974-க்குப் பிறகு அது தமிழருக்கு மட்டும் என்றில்லாமல் அந்த வட்டாரத்தார் எல்லோருக்குமான பங்காயிற்று. 2005-ல் அரசாங்கம் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

அந்த மாதாவின் பெயரைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1858 பிப்ரவரி 11. பிரான்ஸ் தேசத்து லூர்து நகரில், விறகு பொறுக்கப்போன பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்ததாகத் திருச்சபை ஏற்கிறது. பிழைப்பு இழந்த மாவரைப்பவர் மகள். குடும்பமே, சிறைக்கு ஆகாது என்று கைவிட்ட ஓர் அறையில் குடியிருந்தது. அவளுக்குப் பள்ளிக்கூடப் பிரெஞ்சு சரியாக வராது. மாதா பேசியதோ அவள் வீட்டில் பேசும் நாட்டுப்புறப் பேச்சில்! கூலி வீட்டுப் பெண்ணிடம் அவள் பாஷையில் பேசிய தாயின் பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கிய கோவிலில், கூலி வீட்டுப் பிள்ளை கூனிக் குறுகி நிற்கலாமா?

ஏன் கேட்கிறேன்? நம் பிள்ளைகள் படித்து, அடுக்குமாடி வீடுகளில் வசதியாக இருக்கிறார்கள். சந்தோஷம்! ஆனால் பால்வெட்டிய நம் பெற்றோரின் இடத்தில் இன்று வேறு ஆட்கள் நிற்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த தம்பிமார். வீட்டு வேலைக்கு வந்த தங்கைமார். நம்மைப் போலவே கடன்பட்டு வந்தவர்கள் அவர்களில் பலர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தால் கடைசி வரிசையில், தூணோரம் நிற்கிறார்கள். "ஏன் தம்பி?" என்றால், "பரவாயில்லை அண்ணே" என்கிறார்கள். என் தகப்பனார் "நமக்கு முறையில்லை" என்று சொன்ன அதே குரல்!

2020-ஆம் வருஷத்தை மறந்திருக்கமாட்டீர்கள். ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு. கொள்ளைநோயால் பூசைகள் பிப்ரவரியிலேயே நின்றிருந்தன. அந்த ஞாயிறன்றுதான் இங்கே முதல் இரண்டு தொழிலாளர் விடுதிகளைத் தனிமைப் பகுதிகளாக அறிவித்து வாசலை அடைத்தார்கள். நாம் குடும்பத்தோடு வீட்டிலிருந்து பாஸ்கா கொண்டாடினோம். அவர்கள் அடுக்குக் கட்டில்களுக்கிடையே, தெரியாத ஊரில், பல மாதம் காத்திருந்தார்கள். அப்போது அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரிந்திருந்தது?

ஆகவே மூன்று யோசனை சொல்கிறேன்.

முதலாவது, பெயர்ப் பட்டியல். வேளாங்கண்ணி மாதா திருநாள் ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடிகிறது. தமிழர் கொண்டாடும் இடங்களில், கூடு தூக்கவும் வாசகம் வாசிக்கவும் சோறு பரிமாறவும் பெயர் எழுதும்போது, விடுதியிலிருந்து வருகிறவர் பெயரையும் எழுதுங்கள். உழைத்துத் தழும்பேறிய தோள்களுக்குத் தூக்கத் தெரியாதா?

இரண்டாவது, நேரம். வீட்டு வேலைப் பெண்களுக்கு வார ஓய்வு 2013-ல் சட்டமாயிற்று. அதைக் காசு கொடுத்து ஈடுகட்டும் வழக்கமும் இருந்ததால், மாதம் ஒரு நாளாவது கட்டாயம் விடவேண்டுமென்று 2023-ல் திருத்தம் வந்தது. அந்தத் தங்கைக்கு மாதத்தில் ஒரே ஞாயிறுதான் கிடைக்குமானால், நம் நவநாளும் ஒன்றுகூடலும் அந்த ஞாயிறுக்குப் பொருந்த வேண்டாமா?

மூன்றாவது, பாஷை. நம் பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் செபம் தடுமாறுகிறது. இந்தத் தம்பிமாருக்கோ மனப்பாடம். அவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும். நம் பிள்ளைகள் அவர்களுக்கு ஆங்கிலக் கடிதமும் சம்பளச் சீட்டும் படித்துக்காட்டட்டும். இதில் யாருக்கும் யாரும் பிச்சை போடவில்லை, கொடுக்கல் வாங்கல்தான்.

1955-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர், மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். தச்சுப் பட்டறையில் உளி பிடித்தவரைத்தான் தொழிலாளருக்குப் பாதுகாவலராக வைத்தார். மரம் சீவிய உளியும், பால் வெட்டிய உளியும், இன்று கம்பி வளைக்கும் கையும் ஒரே குடும்பம்.

என் தகப்பனார் காலமாகிப் பல வருஷமாயிற்று. அவர் தோளில் வைத்திருந்த அந்தத் துண்டை என் தாயார் பெட்டியில் வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது. வருகிற திருநாளில், தூணோரம் நிற்கும் ஒரு தம்பியைக் கூப்பிட்டு அதை அவன் கையில் கொடுத்து, "உன் முறை, வா" என்று சொல்லப்போகிறேன். நீங்களும் ஒருவரைக் கூப்பிடுங்கள்.